முள்ளு குத்துனா காலைத்தானே பார்க்கணும்? காலண்டர் சகுந்தலை முதல் விறலி ஔவை வரை

குன்னூர்ல இருந்து ஊட்டி போற மலை ரயில்ல வெலிங்டனுக்கு அடுத்த ஸ்டேஷன் அருவங்காடு. டூரிஸ்ட்டுங்க யாரும் பெருசா இறங்க மாட்டாங்க. வெடிமருந்து ஃபேக்டரி, குவார்ட்டர்ஸ், சுத்தி தேயிலை, மத்தியானமே இறங்கிடற பனி, அவ்வளவுதான் ஊர். நான் வளர்ந்தது அங்கதான். எங்க வீட்டு ஹால்ல ரொம்ப வருஷமா ஒரு பழைய காலண்டர் தொங்கிச்சு. தேதியெல்லாம் கிழிச்சு முடிச்ச பிறகும் படத்துக்காகவே அம்மா அதை எடுக்கல. நீங்களும் பார்த்திருப்பீங்க. காட்டுக்குள்ள ஒரு பொண்ணு, தோழியோட தோள்ல கை வெச்சு, ஒரு காலைப் பின்னால தூக்கி, முள் எடுக்கற மாதிரி நிப்பா. முகம் மட்டும் பின்பக்கம் திரும்பியிருக்கும். ரவிவர்மாவோட சகுந்தலை.

எங்க பாட்டி எஸ்டேட்டுல கொழுந்து பறிச்சவங்க. அட்டைக்கடியும் முள்ளும் அவங்களுக்குத் தினப்படி சங்கதி. ஒருநாள் அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு கேட்டாங்க: ``முள்ளு குத்துனா காலைத்தானே பார்க்கணும்? இவ எதுக்குப் பின்னால பார்க்குறா?"

துஷ்யந்தனைப் பார்க்கத்தான், முள் வெறும் சாக்குன்னு அம்மா கதையைச் சொன்னாங்க. பாட்டி ஒத்துக்கல. ``அவன் எங்க? படத்துல காணோமே?"

பல வருஷம் கழிச்சு, ஓவியத்தைப் பத்தி எழுதறவங்களோட கட்டுரைகளைப் படிக்கறப்போதான் உறைச்சது. பாட்டி கேட்டது சாதாரண கேள்வி இல்ல. ராஜா படத்துக்குள்ள இல்ல. அப்போ சகுந்தலையைப் பார்த்துக்கிட்டு நிக்கறது யாரு? படத்துக்கு முன்னால நிக்கற நாமதான். அவ திரும்பற கோணம், இடுப்பு வளைவு, தூக்கின கால் எல்லாமே பார்க்கறவனுக்காக நிறுத்தி வெச்சது. சினிமா ஆய்வாளர் லாரா மல்வி 1975-ல எழுதின ஒரு கட்டுரையில இதுக்கு `ஆண் பார்வை'ன்னு பேர் வெச்சாங்க. கேமரா எங்க நிக்குது, யாரோட கண்ணா அது வேலை செய்யுதுன்னு பாருங்கன்றதுதான் அதோட சாரம்.

புராண, இதிகாசப் பெண்களைத் திரும்ப வரையற, திரும்ப நடிக்கற, திரும்ப எழுதற பெண்ணியக் கலை செய்யற வேலையும் கிட்டத்தட்ட இதுதான். கதையை மாத்தறதைவிட, கேமராவைத் தூக்கி வேற இடத்துல வைக்கறது.

கோவில்பட்டியில இருந்து வந்த சாமிங்க

ரவிவர்மாவைத் திட்டறது என் நோக்கமில்ல. 1848-ல கிளிமானூர்ல பிறந்த அந்த மனுஷன் 1894-ல பம்பாயில ஒரு அச்சகம் ஆரம்பிச்சார். அதுவரைக்கும் அரண்மனையிலயும் கோயில்லயும் இருந்த லட்சுமியும் சரஸ்வதியும் அச்சுப்படமா சாதாரண வீட்டுச் சுவருக்கு வந்தாங்க. கோயிலுக்குள்ளயே விடப்படாத எத்தனையோ பேர் வீட்டுக்குச் சாமி வந்தது அப்படித்தான். அது சின்ன விஷயம் கிடையாது. நம்ம பக்கம் அந்த வேலையைத் தொடர்ந்தவங்கள்ல முக்கியமானவர், கோவில்பட்டியில ஸ்டுடியோ வெச்சிருந்த சி.கொண்டையராஜு (1898–1976). அவரும் அவரோட சீடர்களும் வரைஞ்ச முருகனும் மீனாட்சியும்தான் சிவகாசி காலண்டர் வழியா நம்ம வீடுகளுக்கு வந்த முகங்கள்.

சிக்கல் என்னன்னா, ஒரே முகம் கோடிக்கணக்கான சுவர்ல ஒட்டினதும் வேற முகம் இருக்கவே முடியாதுன்னு ஆகிடுச்சு. சீதைன்னா இப்படி, தமயந்தின்னா இப்படி. எல்லாருக்கும் பதினாறு, பதினெட்டு வயசு. எல்லாரும் சிவப்பு. தலை கொஞ்சம் சாய்ஞ்சிருக்கும். வேலை செஞ்சு காப்பு காய்ச்ச கை ஒருத்திக்கும் கிடையாது.

கேமரா இடம் மாறினா என்ன ஆகும்னு பார்க்க ஒரு பழைய உதாரணம் இத்தாலியில இருக்கு. பைபிள் மரபுல சுசன்னான்னு ஒரு பொண்ணு. அவ குளிக்கறதை ரெண்டு பெரியவங்க ஒளிஞ்சு பார்த்து மிரட்டுவாங்க. ஐரோப்பிய ஓவியர்கள் பலபேர் இதை வரைஞ்சிருக்காங்க. நிறைய படத்துல அந்தப் பொண்ணு ஏதோ ரசிக்கத் தந்த காட்சி மாதிரிதான் உட்கார்ந்திருப்பா. 1610-ல ஆர்ட்டெமிசியா ஜென்டிலெஸ்கின்னு ஒரு டீன்ஏஜ் பொண்ணு அதே காட்சியை வரைஞ்சா. அதுல சுசன்னா முகத்தைச் சுளிச்சு, உடம்பை முறுக்கி, கையால தள்ளறா. கதையில ஒரு வரிகூட மாறல. ஆனா படத்தைப் பார்த்தா நமக்கே அங்க இருந்து விலகிப் போகணும்னு தோணும்.

சீதை தானே சொன்னா?

`இதெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு, நம்ம மரபைக் கெடுக்கறாங்க'ன்னு கமென்ட்ல யாராவது வருவாங்க. அவங்களுக்காக ஒரு வருஷம் சொல்றேன்: 1943. புதுமைப்பித்தன் `சாபவிமோசனம்' சிறுகதையை எழுதின வருஷம். ராமன் கால் பட்டு கல்லுல இருந்து பெண்ணான அகலிகை, பின்னால சீதையைச் சந்திக்கறா. ராமன் தீக்குளிக்கச் சொன்னான்னு சீதை வாயாலயே கேட்கறா. தன்னை மன்னிச்சவனா இவகிட்ட நிரூபிக்கச் சொன்னான்னு அவளால தாங்க முடியல. மறுபடி கல்லாகிடறா. மல்விக்கு முப்பது வருஷம் முன்னாடி, திருநெல்வேலிக்காரர் எழுதினது. ரெண்டு பொண்ணுங்க தனியா உட்கார்ந்து பேசினா புராணம் என்ன ஆகும்ன்ற ஒரே ஒரு யோசனைதான் அந்தக் கதை.

ஓவியத்துல இதுக்கு எனக்குப் பிடிச்ச உதாரணம் சென்னையில இருந்து வந்தது. `சீதாஸ் ராமாயணா'ன்னு ஒரு படக்கதைப் புத்தகம். போட்டது தாரா புக்ஸ், எழுதினது சம்ஹிதா ஆர்னி, வரைஞ்சது மொய்னா சித்ரகர். மொய்னா மேற்கு வங்கத்துப் பட்டுவா ஓவியர். பட்டுவாங்க துணி ஒட்டின நீளமான காகிதச் சுருள்ல கதையை வரைஞ்சு, ஊர் ஊராப் போய், ஒவ்வொரு கட்டமா விரிச்சு, பாடிக் காட்டறவங்க. அவங்கள்ல நிறைய பேர் முஸ்லிம்கள். ஆனா ராமாயணமும் பாடுவாங்க, மனசா தேவி கதையும் பாடுவாங்க. நாட்டுல இப்போ நடக்கற சண்டையை நினைச்சா இதை ஒருமுறை சத்தமா சொல்லணும்னு தோணுது.

அந்தப் புத்தகம் வில் உடைக்கறதுல ஆரம்பிக்காது. கர்ப்பிணியா காட்டுக்கு அனுப்பப்பட்ட சீதை, காட்டுகிட்ட தன் கதையைச் சொல்றதுல ஆரம்பிக்கும். இதனால யுத்தமே வேற மாதிரி தெரியுது. இலங்கையில காவல்ல இருக்கறவளுக்குப் போர்க்களம் எப்படித் தெரியும்? திரிசடை வந்து சொன்னாத்தான் தெரியும். அதனால நம்ம பார்க்கறது வீரம் இல்ல, செய்தி. யார் செத்தாங்க, எந்தப் பொண்ணு தாலி அறுத்தா. ரெண்டு பக்கமும். மொய்னா வரையற சீதைக்குக் கண்ணு பெருசு, கோடு தடிமன், இடுப்பு வளைவெல்லாம் கிடையாது. பட்டுவா மரபே அப்படித்தான். 2011-ல வெளிநாட்டுப் பதிப்பு வந்தப்போ நியூயார்க் டைம்ஸோட கிராஃபிக் புத்தக விற்பனைப் பட்டியல்லகூட இடம்பிடிச்சது.

ஔவைக்கு யாரு கிழவி வேஷம் போட்டது?

இப்போ நம்ம வீட்டுக் கதைக்கு வரேன். இதைக் கொஞ்சம் நிதானமா பேசணும்.

மெரினா பீச்சுல 1968 உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி 10 சிலைகள் வெச்சாங்க. திருவள்ளுவர், கம்பர், பாரதி, ஜி.யு.போப்னு போகும் அந்த வரிசை. பத்துல ரெண்டு பேர்தான் பெண்கள்: கண்ணகி, ஔவை. கண்ணகி சிலை 2001 டிசம்பர்ல எடுக்கப்பட்டு 2006-ல திரும்ப வந்த அரசியல் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். ஔவை சிலையைப் பத்தி யாரும் சண்டை போட்டதில்ல. ஏன்னா அது பாட்டி. கையில கோல், கூன் விழுந்த உடம்பு. யாருக்கும் தொந்தரவில்லாத உருவம்.

`ஔவை'ன்னு சொன்னதும் உங்க மனசுல வர்றதும் அதேதானே? நெத்தி நிறைய விபூதி, நரைச்ச முடி, `சுட்ட பழம் வேணுமா, சுடாத பழம் வேணுமா'. 1953-ல ஜெமினி எடுத்த `ஔவையார்' படத்துல கே.பி.சுந்தராம்பாள் நடிச்சு, அந்த உருவம் அப்படியே உறைஞ்சுபோச்சு. அப்போ அவங்களுக்கு 45 வயசுகூட ஆகல! கதைப்படி, கல்யாணத்துல இருந்து தப்பிக்க ஒரு இளம்பெண் பிள்ளையார்கிட்ட கிழவியாக்குன்னு வேண்டிக்கறா. இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஒரு பொண்ணு தனியா ஊர் சுத்தணும், கவிதை சொல்லணும், அரசனை எதிர்த்துப் பேசணும்னா முதல்ல அவ இளமையைத் தொலைச்சாகணும். சமூகம் வெச்ச கண்டிஷன் அது. நாம அதைப் பக்திக் கதைன்னு நினைச்சு கைதட்டிட்டோம்.

சங்க காலத்து ஔவை வேற ஆள். (ஔவைன்ற பேர்ல வெவ்வேற காலத்துல பலபேர் இருந்திருக்காங்கன்றது ஆய்வாளர்கள் கருத்து. ஆத்திசூடி எழுதினவங்க பல நூற்றாண்டு பின்னால.) சங்க இலக்கியத்துல ஔவை பேர்ல 59 பாட்டு இருக்கு. அதுல 33 புறநானூறு. தகடூர், அதாவது இன்னைக்குத் தர்மபுரிப் பக்கம், ஆண்ட அதியமானோட நண்பர். அவனோட உட்கார்ந்து கள் குடிச்சதை, அவன் செத்த பிறகு நினைச்சு அழற பாட்டு இருக்கு. ஒரு பாட்டுல எதிரி அரசன் அவளை மை தீட்டின கண்ணும் ஒளி வீசற நெத்தியும் உள்ள விறலின்னு கூப்பிட்டு, உங்க நாட்டுல சண்டை போட ஆள் இருக்கான்னு கேட்கறான். விறலின்னா ஆடிப் பாடற கலைஞி. கிழவியை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டாங்க.

தூது போன கதை இன்னும் சூப்பர். தொண்டைமான் தன் ஆயுதக் கிடங்கைக் காட்டிப் பெருமை அடிக்கறான். எல்லாம் நெய் பூசி, மயில்பீலி சூட்டி, பளபளன்னு இருக்கு. ஔவை பாராட்டற மாதிரியே சொல்றா: உன்னோடது அழகா இருக்கு, எங்க ஆளோடது நுனி உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கு. அதாவது, நீ சண்டையே போட்டதில்லன்னு மூஞ்சிக்கு நேரா. அரசனோட அரண்மனையில நின்னு ஒரு பொண்ணு இப்படிக் கலாய்ச்சிருக்கா.

இந்த ஔவையை மேடைக்குக் கொண்டு வந்தது கவிஞர் இன்குலாப் எழுதின `ஔவை' நாடகம். 1990-களோட இறுதியில அ.மங்கை இயக்கினாங்க. மங்கை சென்னையில பல வருஷமா பெண்ணிய அரங்கத்துல இயங்கறவங்க. மேடையில வந்த ஔவை பாணர் கூட்டத்தோட நடக்கற, ஆடற, குடிக்கற, காதலையும் போரையும் பத்தி வெளிப்படையா பேசற விறலி. புதுசா கற்பனை பண்ணின பாத்திரம் இல்ல அது. புறநானூற்றுக்குள்ளயே இருந்தவ. நடுவுல வந்த வேஷத்தைக் கலைச்சாங்க, அவ்வளவுதான்.

`மறுவாசிப்பு'ன்னா மூலத்துக்குத் துரோகம்னு ஒரு பேச்சு இருக்கில்ல? ஔவை விஷயத்துல நேர்மாறு. மூலத்துக்கு விசுவாசமா இருந்தது நாடகம்தான்.

பேயாகணும்னு கேட்டவ

ஔவைக்கு முதுமை ஒரு முகமூடின்னா, காரைக்கால் அம்மையாருக்கு அது விடுதலை. புனிதவதி கதை தெரியும்தானே? மாம்பழம் வரவழைச்சவளைப் பார்த்து புருஷன் பயந்து ஓடி, வேற ஊர்ல இன்னொரு கல்யாணம் பண்ணி, பொண்ணுக்கு இவ பேரையே வெச்சு, தேடி வந்தவ கால்லயே விழறான். `இவ மனுஷி இல்ல, தெய்வம்.' ஒருவகையில அதுவும் கைவிடறதுதான். அப்போ புனிதவதி சிவன்கிட்ட கேட்கறா: இவனுக்காகத்தான் இந்த அழகைச் சுமந்தேன், இனி வேண்டாம், பேய் வடிவம் கொடு.

இந்தக் காட்சியில எனக்கு ஆச்சர்யம் சோழர் காலத்துச் சிற்பிங்கதான். அம்மையாரை அவங்க வெண்கலத்துல வார்த்தப்போ சமாதானமே பண்ணிக்கல. எண்ணிப் பார்க்கலாம்ன்ற மாதிரி விலா எலும்பு, வத்தித் தொங்கற மார்பு, குச்சிக் கை, அதுல தாளம். முகத்துல ஒரு சிரிப்பு. அந்த மாதிரி ஒரு சிலை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல இருக்கு. போன்ல தேடினா உடனே வரும், இப்பவே பாருங்க. கங்கைகொண்ட சோழபுரத்துல நடராஜர் காலடியில உட்கார்ந்து தாளம் போடறதும் இவங்கதான்.

இவங்களைப் `பெண்ணியவாதி'ன்னு சொல்ல எனக்கு மனசு வரல. அது நம்ம காலத்து வார்த்தை. அவங்க தேடினது சிவனோட ஆட்டத்தை. ஆனாலும் ஒண்ணு இருக்கு. தன் பாட்டுல அவங்களே கையெழுத்துப் போடறது `காரைக்கால் பேய்'னுதான். அடுத்தவங்க பார்க்கறதுக்காக வெச்சிருந்த உடம்பைக் கழட்டிப் போட்டுட்டு, தனக்குத் தானே பேர் வெச்சுக்கிட்ட ஒருத்தி. 1973-ல வந்த படத்துல இளவயசு புனிதவதியா லட்சுமி நடிச்சாங்க. முதிய அம்மையாரா யாருன்னு நினைக்கறீங்க? மறுபடி கே.பி.எஸ்! தமிழ் சினிமாவுக்குத் தெய்வீகக் கிழவின்னா ஒரே ஆள்தான்.

கிருஷ்ணன் வரலைன்னா?

திரௌபதி கதையை யாரும் லேசா தொட முடியாது. சபையில சேலை உருவப்படறப்போ கிருஷ்ணன் சேலையை வளர வெச்சுக் காப்பாத்தறான். 1978-ல மகாஸ்வேதா தேவி `திரௌபதி'ன்னு ஒரு வங்காளச் சிறுகதை எழுதினாங்க. அதுல வர்ற தோப்தி மெஜென் சந்தால் பழங்குடிப் பெண். நக்சல் தேடுதல்ல பிடிபட்டு, காவல்ல கொடுமைக்கு ஆளாகறா. இங்க எந்தக் கிருஷ்ணனும் வரல. மறுநாள் காலையில சேலையைக் கொடுத்தா, கட்டிக்க மறுக்கறா. அப்படியே நடந்து அதிகாரி முன்னால போய் நிக்கறா. முதல்முறையா அவன் பயப்படறான். வெட்கம்ன்றது யாரோட சொத்து, அதை யார் சுமக்கணும்னு ஒரே காட்சியில திருப்பிப் போட்ட கதை.

2000-ல மணிப்பூர் நாடகக் கலைஞர் கன்ஹையாலால் இதை மேடையேத்தினார். தோப்தியா நடிச்சவங்க அவரோட மனைவி சாவித்ரி. அப்போ கடும் எதிர்ப்பு வந்தது. 2004 ஜூலையில, மனோரமான்ற இளம்பெண் கொல்லப்பட்டப்போ, இம்பால்ல காங்லா கோட்டை வாசல்ல 12 தாய்மார்கள் உடையில்லாம நின்னு போராடினாங்க. நாடகத்தைத் திட்டின ஊர் அன்னைக்கு என்ன நினைச்சிருக்கும்!

நம்ம ஊர்ல திரௌபதி இன்னும் உயிரோட இருக்கறது தெருக்கூத்துலயும் கட்டைக்கூத்துலயும். ஆனா பரம்பரையா அந்த வேஷம் கட்டினது ஆண்கள். காஞ்சிபுரம் பக்கத்துல பி.ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002-ல ஆரம்பிச்ச கட்டைக்கூத்து குருகுலத்துல பொம்பளைப் பிள்ளைங்களும் கத்துக்கிட்டு கிரீடம் வெச்சு ஆடினாங்க. கதை அதேதான். கட்டியிருக்கற உடம்பு மாறினாலே பார்க்கறவங்களுக்கு வேற கதை கேட்கும்.

கட்டம் போட்ட திரை

இப்போ திரும்ப எங்க மலைக்கு. பெங்களூருல 1956-ல பிறந்த கலைஞர் புஷ்பமாலா, 2000-ல இருந்து 2004 வரைக்கும் போட்டோகிராஃபர் கிளேர் ஆர்னியோட சேர்ந்து ஒரு பெரிய போட்டோ வரிசை எடுத்தாங்க. தென்னிந்தியப் பெண்கள்னு எந்தெந்தப் படமெல்லாம் பிரபலமோ, அது எல்லாத்துக்குள்ளயும் புஷ்பமாலாவே வேஷம் போட்டுப் போய் நின்னாங்க. ரவிவர்மாவோட நிலாவெளிச்சப் பெண், காலண்டர் லட்சுமி, வேளாங்கண்ணி மாதா, சாட்டை பிடிச்ச தமிழ்ப் பட ஹீரோயின்னு நீளும். அந்த வரிசையில ஒரு படம், தோடர் பெண். பின்னால கட்டம் போட்ட திரை.

அந்தக் கட்டம் எதுக்கு? 19-ஆம் நூற்றாண்டுல வெள்ளைக்காரங்க பழங்குடிகளை அளந்தாங்க. 1873-ல மார்ஷல்ன்ற ராணுவ அதிகாரி, மண்டையோட அமைப்பை வெச்சு குணத்தைச் சொல்லலாம்னு நம்பி, நீலகிரித் தோடர்களைப் பத்தி ஒரு புத்தகமே எழுதினார். பிறகு மெட்ராஸ் மியூசியத்துல இருந்த எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோட மலை ஏறினார். கட்டத் திரை முன்னால ஆளை நிறுத்திப் படம் எடுத்தா எத்தனை கட்டம் உயரம், எத்தனை கட்டம் அகலம்னு எண்ணிடலாம்.

தெய்வத்தையும் பழங்குடிப் பெண்ணையும் ஏன் ஒரே வரிசையில வெச்சாங்கன்னு எனக்கு முதல்ல புரியல. யோசிச்சா, ரெண்டு படமும் ஒரே வேலையைத்தான் செய்யுது. இவ `இப்படிப்பட்டவ'ன்னு ஆணி அடிச்சு மாட்டறது. லட்சுமிக்குப் பின்னால தாமரை, தோடர் பெண்ணுக்குப் பின்னால கட்டம். ரெண்டு பேருக்கும் பேசற வாய் கிடையாது.

ஒரு நெருடலும் எனக்கு இருக்கு. மலையில ஒரு மந்துல வாழற பெண்ணோட உருவத்தை, நகரத்துக் கலைஞர் ஒருத்தங்க போட்டுக்கறது சரியா? கிண்டல் செய்யறது வெள்ளைக்காரனோட அளவுகோலைத்தான், பெண்ணை இல்லன்றது தெரியுது. இருந்தும் அந்தப் படத்துலயும் தோடர் பெண் பேசல. அவங்க பேசறது வேற இடத்துல: வெள்ளைத் துணியில சிவப்பும் கறுப்புமா அவங்க போடற எம்பிராய்டரியில. நூலை எண்ணி எண்ணி, வரைபடம் இல்லாமலே போடற வேலை. 2013-ல புவிசார் குறியீடு கிடைச்சது. ஊட்டி பொட்டானிக்கல் கார்டனுக்கு மேல இருக்கற மந்துக்குப் போறவங்க, செல்ஃபிக்கு முன்னால அனுமதி கேட்டுட்டு, அந்தச் சால்வையை ரெண்டு நிமிஷம் கிட்டப் பாருங்க.

வாள் கொடுத்தா போதுமா?

இப்போ உங்க ஃபீடுக்கு வருவோம். `சிங்கப்பெண் திரௌபதி', `வாரியர் சீதா'ன்னு ஏ.ஐ. படங்கள் கொட்டுதில்ல? கையில வாள், கண்ணுல நெருப்பு, பின்னால புயல். முதல் பார்வைக்குப் புல்லரிக்கும். மறுபடி பாருங்க. அதே பதினெட்டு வயசு, அதே சிவப்புத் தோல், அதே இடுப்பு. மேக்கப் கலையாத போர்க்களம். காலண்டர்காரங்க தாமரை கொடுத்தாங்க, இவங்க வாள் கொடுத்திருக்காங்க. கேமரா நின்ன இடத்துலயேதான் நிக்குது.

நான் பயன்படுத்தற சின்ன சோதனை ஒண்ணு சொல்றேன். படத்துல இருக்கறவ எதைப் பார்க்கறா? அவளுக்குன்னு பார்க்க ஏதாவது இருக்கா, இல்ல நாம பார்க்கறதுக்காக மட்டும் நிக்கறாளா? மொய்னாவோட சீதை காட்டைப் பார்க்கறா. ஔவை தொண்டைமானோட வேலைப் பார்த்துச் சிரிக்கறா. அம்மையார் ஆட்டத்தைப் பார்க்கறாங்க. நம்மை அவங்க கண்டுக்கறதேயில்ல. சகுந்தலை மட்டும் பாவம், ஃப்ரேமுக்கு வெளிய எங்கயோ.

அருவங்காட்டுக்கு மேல ஜெகதளான்னு படுகர் கிராமம். ஜனவரி வாக்குல அங்க ஹெத்தையம்மன் பண்டிகை வரும். வெள்ளை உடுத்தி, சின்னப் பிள்ளைங்கள்ல இருந்து வயசானவங்க வரைக்கும் போவாங்க. பனியில அந்த வெள்ளைக்கூட்டம் நடந்து வர்றதைச் சின்ன வயசுல ரோட்டோரமா நின்னு பார்த்திருக்கேன். ஹெத்தைன்னா படுக மொழியில பாட்டி. ஒரு மக்களோட பெரிய தெய்வத்துக்கே பேர் பாட்டி! அது எவ்வளவு அபூர்வம்னு அப்போ எனக்குத் தெரியல.

எங்க பாட்டி இப்போ இல்ல. சகுந்தலை காலண்டர் ஒரு மழைக்காலத்துல ஈரம் ஏறி, பூஞ்சை பிடிச்சு, கடைசியில அம்மாவே எடுத்துப் போட்டுட்டாங்க. போன தடவை ஊருக்குப் போனப்போ, காரைக்கால் அம்மையாரோட வெண்கலச் சிலை போட்டோவை ஏ4 சைஸ்ல பிரின்ட் போட்டு அந்த ஆணியிலயே மாட்டினேன்.

``ஏன்டி, நடு வீட்டுல பேய்ப் படத்தை மாட்டற?" அம்மா கத்தினாங்க.

கழட்டத்தான் கிட்ட போனாங்க. கையைத் தூக்கினவங்க கொஞ்ச நேரம் அப்படியே நின்னாங்க. ``உங்க பாட்டியைக் கடைசியில குளிப்பாட்டறப்போ தோள் எலும்பு இப்படித்தான்டி இருந்துச்சு"ன்னாங்க. அப்புறம் கோணலா இருந்த படத்தை நேராக்கிட்டு, அடுப்புல பால் வெச்சிருக்கேன்னு உள்ள போயிட்டாங்க.